பிற வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட தனி இசையை டியூபாவில் வாசித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பித்தளை ஊதுகருவிகளைக் கற்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும், எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் சேத்துப்பட்டு முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கிலும் மேற்கத்திய இசைக் கச்சேரிகளைக் கேட்க வரும் ரசிகர்களும் இந்தப் பொருளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பித்தளை ஊதுகருவிகளிலேயே பெரியதும் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிப்பதும் டியூபாதான். குடியரசு நாளன்று மெரினா கடற்கரைச் சாலை அணிவகுப்பில், வாசிப்பவரின் உடலைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் விரித்து நிற்கும் கருவியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது டியூபாவின் நெருங்கிய உறவான சூசாபோன்.

டியூபாவுக்கென்றே எழுதப்பட்ட தனி இசை இல்லையா? ஏன் மற்ற வாத்தியங்களிடம் கடன் வாங்க வேண்டும்?

இருக்கிறது, ஆனால் அது மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்ற இராணுவ இசைக்குழுத் தலைவரும் மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் சேர்ந்து 1835 செப்டம்பரில் பெர்லினில் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதற்குள் பாக், மொசார்ட், பேத்தோவன் மூவரும் காலமாகிவிட்டனர். அதற்குப் பின் வந்த வாக்னர், பிராம்ஸ் போன்றோர் டியூபாவை ஆர்கெஸ்ட்ராவில் பயன்படுத்தினார்களே தவிர, அதைத் தனியாக முன்னால் உட்கார வைக்கவில்லை. பெரிய இசையமைப்பாளர் ஒருவர் டியூபாவுக்காக ஒரு முழுக் கான்செர்ட்டோவை, அதாவது ஆர்கெஸ்ட்ராவின் துணையுடன் ஒரு கருவி தனித்து முன்னால் வாசிக்கும் படைப்பை, எழுதியது 1954இல்தான். ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எழுதிய அந்தப் படைப்பை லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவின் டியூபா கலைஞர் பிலிப் கேட்டலினெட் முதலில் வாசித்தார். மறு ஆண்டே ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட, பெரும்பாலும் பியானோவுடன் வாசிக்கப்படும் தனிக்கருவி இசை) வந்தது. ஆக, வயலினுக்கும் செல்லோவுக்கும் முந்நூறு ஆண்டுச் சொத்து இருக்கும்போது, டியூபாவின் கையில் இருப்பது சுமார் எழுபது ஆண்டுச் சேமிப்புதான். ஒரு மாலை முழுவதும் தனிக் கச்சேரி செய்ய விரும்பும் கலைஞர் பிறருடைய பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாது.

எந்த வாத்தியங்களின் இசை அதிகமாக எடுத்து வாசிக்கப்படுகிறது?

செல்லோ, பஸ்ஸூன் (தாழ்ந்த குரலுள்ள மர ஊதுகருவி), டபுள் பேஸ் (வயலின் வகையில் மிகப் பெரியது), ஹார்ன், கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சிறிய பித்தளைக் கருவி), வயலின் ஆகியவற்றின் இசையைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். தொடக்க நிலை மாணவர்கள் பெனெடெட்டோ மார்செல்லோவின் செல்லோ சொனாட்டாக்களைத் தொடாமல் மேலே போவதில்லை. அந்தோனியோ கபுஸ்ஸியின் டபுள் பேஸ் கான்செர்ட்டோவிலிருந்து எடுக்கப்பட்ட “அந்தாந்தே, ரோண்டோ” என்ற இரண்டு பகுதிகளும் உலகெங்கும் டியூபா மாணவர்களின் கையில் இருக்கின்றன. அவற்றை மாற்றி அமைத்தவர் மேலே சொன்ன கேட்டலினெட்தான். 1733இல் வெளியான ஜான் காலியார்டின் ஆறு சொனாட்டாக்களும் அப்படியே. அவை வெளிவந்தபோதே பஸ்ஸூனிலோ செல்லோவிலோ வாசிக்கலாம் என்று குறிக்கப்பட்டிருந்தன. எழுதியவரே கருவியை வாசிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்ட இடத்தில், மூன்றாவதாக ஒரு கருவி நுழைந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மொசார்ட்டின் ஹார்ன் கான்செர்ட்டோக்களும் டியூபாவுக்கு இயல்பாகவே பொருந்தும். இரண்டுமே கூம்பு வடிவில் விரிந்து செல்லும் குழல்கள், இரண்டுமே உருண்டையான நாதம் உடையவை.

இது இசையா, அல்லது வித்தை காட்டுவதா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. வேகமாகவும் இலேசாகவும் ஓட வேண்டிய ஓர் இசையை மிகப் பெரிய கருவியில் வாசித்தால், கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்பு வருவது இயற்கை. இந்தச் சிரிப்பை இசையமைப்பாளர்களே அறிந்திருந்தார்கள். செயின்-சான்ஸ் 1886இல் எழுதிய “விலங்குகளின் திருவிழா”வில் யானைக்கான பகுதியை டபுள் பேஸுக்குக் கொடுத்து, அதில் மெண்டல்சனும் பெர்லியோஸும் தேவதைகளின் ஆட்டத்துக்காக எழுதிய மெல்லிய மெட்டுகளைக் கனத்த குரலில் நுழைத்திருக்கிறார். அந்தப் பகுதியின் நகைச்சுவையே அதுதான். டியூபா கலைஞர்களிடம் இந்த யானையை வாசிக்கச் சொல்லிக் கேட்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதே படைப்பில் செல்லோவுக்கு எழுதப்பட்ட “அன்னம்” என்ற பகுதியும் இருக்கிறது. ஒரு நல்ல கலைஞர் அதை டியூபாவில் வாசிக்கும்போது சிரிப்பு இரண்டாவது அடியிலேயே அடங்கிவிடும். நீண்ட வாக்கியங்களைப் பிசிறில்லாமல் இழுத்து, நாதத்தை மெல்லத் தேய விடும் வேலையை இந்தக் கருவி செல்லோவுக்குக் குறையாமல் செய்கிறது. எடுத்துக்கொண்ட இசையின் மூச்சு, அதாவது அதன் வாக்கியங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற அமைப்பு, டியூபாவின் மூச்சுக்குள் அடங்குகிறதா என்பதுதான் எங்கள் கணிப்பில் உரைகல். அடங்கினால் அது இசை. அடங்காமல், சுரங்கள் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தால், கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் போனதும் மெட்டு நினைவில் இருக்காது, வேகம் மட்டுமே நினைவில் இருக்கும்.

பாக்கின் செல்லோ தொகுப்புகளில் மூச்சு எங்கே எடுப்பது?

பாக் சுமார் 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய ஆறு செல்லோ தொகுப்புகளை இன்று பித்தளைக் கருவிக்காரர்கள் தினசரி சாதகமாகவே வைத்திருக்கிறார்கள். வில் போடுபவருக்கு மூச்சு ஒரு பிரச்சினையே இல்லை என்பதால், முதல் தொகுப்பின் முகவுரைப் பகுதி 42 அளவைகளும் (அளவை என்பது இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு தாளக் கட்டம்) ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. அதற்குள் டியூபா கலைஞர் பல தடவை மூச்சு இழுத்தாக வேண்டும்.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். தொடக்க அளவைகள் ஒவ்வொன்றிலும் பதினாறு சுரங்கள் உண்டு; முதல் எட்டுச் சுரங்களின் உருவமே அடுத்த எட்டிலும் திரும்ப வருகிறது. காது ஒரு முறை கேட்டுவிட்ட உருவத்தை மறுமுறை தானே நிரப்பிக்கொள்ளும். எனவே அனுபவமுள்ளவர் முதல் எட்டைத் தொடமாட்டார். இரண்டாவது எட்டில், அதுவும் அதன் கடைசிப் பகுதியில், ஒரே ஒரு சுரத்தை விட்டுவிட்டு அந்த இடைவெளியில் மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த அளவையின் முதல் சுரத்தில் சரியாக வந்து இறங்குவார். அந்த முதல் சுரம்தான் கட்டடத்தின் அடித்தளம். அதை ஒரு நாளும் விடக் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் இதற்கு நேர்மாறாக, அளவைக் கோட்டைக் கண்டதும் மூச்சு எடுத்து, அடித்தளச் சுரத்தைத் தாமதமாகப் பிடிப்பார்கள். கேட்பவருக்குத் தாளம் நொண்டுவது போலிருக்கும். பென்சிலை எடுத்து, எந்தச் சுரத்தை விடப் போகிறோம் என்பதைத் தாளில் முன்கூட்டியே அடைப்புக்குறியிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

முதல் முறையாக பாக்கைத் தொடுபவர்களுக்கு இந்த முகவுரையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூன்றாம் தொகுப்பிலுள்ள பூரே என்ற நடனப் பகுதிகளே தொடங்குவதற்கு ஏற்றவை. அவற்றின் வாக்கியங்கள் குறுகியவை, மூச்சுக்கான இடங்கள் தாமே அமைந்துவிடுகின்றன. சாராபாந்து பகுதிகளில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டும் இடங்கள் வரும். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஊதக்கூடிய கருவியில், கீழ்ச்சுரத்தைச் சிறிதாகத் தொட்டுவிட்டு மேலே ஏறிவிடுவதுதான் வழி.

ஊதுகருவிக்காகவே எழுதினாலும் பாக் மூச்சைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தனிப் புல்லாங்குழலுக்கான அவருடைய பார்ட்டிட்டாவின் முதல் பகுதியில் புல்லாங்குழல்காரர்களே மூச்சுக்கு இடம் தேடித் தவிக்கிறார்கள். அதையும் டியூபாவில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வண்டின் பறத்தல் போன்ற வேகமான இசை டியூபாவில் எப்படிச் சாத்தியமாகிறது?

ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1899–1900இல் எழுதிய ஓர் ஓபெராவின் (இசை நாடகத்தின்) இடையில், ஒரு வண்டு பறப்பதைச் சித்திரிக்க ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் ஒரு சிறு பகுதி இது. பிற்காலத்தில் எல்லாக் கருவிக்காரர்களும் தங்கள் விரல் வேகத்தைக் காட்டும் களமாக இதை ஆக்கிக்கொண்டார்கள். சுரங்கள் பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி இறங்குவதால், விரலுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. சிரமம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பெரிய குழலில் ஒரு தாழ்ந்த சுரம் தெளிவாக நிலைகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். உதடு அதிரத் தொடங்கியவுடன் ஒலி வந்துவிடாது. குழலுக்குள் இருக்கும் காற்று முழுவதும் அந்த அதிர்வுக்கு இசைந்து வர வேண்டும். அதனால்தான் வேகமான பகுதிகளைக் கலைஞர்கள் கருவியின் மேல் ஸ்தாயியில் வைத்துக்கொள்கிறார்கள். நாதஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்று சொல்லும் நாக்கின் வேலையை இங்கும் செய்தாக வேண்டும். ஒற்றை நாக்கு எட்டாத வேகத்துக்கு “து-கு, து-கு” என்று நாக்கின் நுனியையும் பின்பகுதியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். மற்றொன்று மூச்சு. கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் முறையை டியூபாவின் தாழ்ந்த ஸ்தாயியில் செய்வது மிகக் கடினம், ஏனென்றால் கன்னத்தில் அடங்கும் காற்று அங்கே ஒரு கணத்துக்குக் கூடப் போதாது. மேல் ஸ்தாயியில் காற்றுச் செலவு குறைவு என்பதால், அங்கே தேர்ந்தவர்கள் இதைச் செய்துவிடுகிறார்கள்.

எங்களைப் பொறுத்தவரை இந்த வண்டு, கச்சேரியின் கடைசியில் ரசிகர்கள் எழுந்து நின்று கேட்கும்போது கொடுக்கத் தக்கது. நிகழ்ச்சியின் நடுவில் அதற்கு இடமில்லை.

மான்டியின் சார்தாஷில் வயலின் செய்யும் வேலைகளை டியூபா எப்படிச் செய்கிறது?

ஹங்கேரிய நடனப் பாணியில் அமைந்த வித்தோரியோ மான்டியின் சார்தாஷ் மெதுவான, துயரம் தோய்ந்த ஒரு தொடக்கத்திலிருந்து திடீரென்று துள்ளலுக்குத் தாவும். தொடக்கத்தை வயலின்காரர் தம் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தியில் வாசிப்பார். அதன் கனத்த குரல் டியூபாவில் இயல்பாகவே கிடைக்கிறது. நடுவில் வயலின்காரர் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டுச் சீட்டி போன்ற ஒலியை எழுப்பும் இடம் ஒன்று வருகிறது. பித்தளைக் குழலில் அதற்கு நேரான ஒலி இல்லை. சிலர் அந்த மெட்டை மிக மெல்லிய குரலில் மேல் ஸ்தாயியில் வாசிக்கிறார்கள். வேறு சிலருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே தொண்டையால் இன்னொரு சுரத்தைப் பாடுவது. டியூபாவின் ஒலி மனிதக் குரலுக்குக் கீழே இருப்பதால், இந்த உத்திக்குப் பித்தளைக் கருவிகளில் இதுவே மிக வசதியானது. ஊதும் சுரமும் பாடும் சுரமும் கலந்து மூன்றாவது ஒலி ஒன்று பிறப்பதையும் கூர்ந்து கேட்டால் உணரலாம். பாடிக்கொண்டே ஊதுவதற்கு முன் அந்த மெட்டைக் கருவியில்லாமல் சுருதி சுத்தமாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

யாருடைய வாசிப்பைக் கேட்கலாம்?

முதலில் நார்வேயின் ஓய்ஸ்டைன் போட்ஸ்விக். ஆர்கெஸ்ட்ரா வேலையைச் சாராமல், தனி டியூபாக் கலைஞராகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர் அவர். சார்தாஷை அவர் வாசித்ததைக் கேட்டவர்கள், முன்பு சொன்ன வித்தை பற்றிய கேள்வியை மறுபடி கேட்க மாட்டார்கள். 2006இல் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை டியூபாக் கலைஞரான கேரல் ஜான்ட்ஷ், வேகத்திலும் தெளிவிலும் கார்னெட்டுக்கு இணையாக ஓடக் கூடியவர். சான் பிரான்சிஸ்கோ சிம்பனியில் இருந்த ஃபிளாய்ட் கூலி ஷூமனின் இசையை டியூபாவில் பதிவு செய்திருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி ராஜர் போபோ. 1961இல் நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் அரங்கில் டியூபாத் தனிக் கச்சேரி செய்தவர், காலியார்டின் சொனாட்டாவையும் பதிவு செய்தவர்.

எந்த டியூபாவில் வாசிக்க வேண்டும்?

டியூபாக்களை அவற்றின் அடிப்படைச் சுரத்தின் பெயரால் குறிப்பார்கள். இசைக்குழுக்களில் பொதுவாகக் காணப்படும் பி-ஃப்ளாட் டியூபாவின் குழலை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 5.5 மீட்டர் இருக்கும். தனிக் கச்சேரிக்கு 3.7 மீட்டர் அளவுள்ள எஃப் டியூபாவையோ, பிரிட்டனில் வழங்கும் இ-ஃப்ளாட் டியூபாவையோ பெரும்பாலும் எடுக்கிறார்கள். குழல் குட்டையானால் மேல் ஸ்தாயியில் சுரங்களைத் தவறாமல் பிடிப்பது எளிதாகும். ஆனால் கருவியை மாற்றினால் வால்வுகளின் விரல் கணக்கும் மாறிவிடும். இரண்டையும் கையாளப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும். அணிவகுப்புக் குழுவில் இருந்துகொண்டு ஒரே கருவியை வைத்திருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. மார்செல்லோவும் கபுஸ்ஸியும் பி-ஃப்ளாட் டியூபாவிலும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிக்கத் தக்கவையே.

ஸ்தாயியை இறக்கி வாசித்தால் பக்கவாத்தியம் கெடாதா?

கெடும், கவனிக்காவிட்டால். வயலின் மெட்டை இரண்டு ஸ்தாயி கீழே கொண்டுவந்தால், அது பியானோவின் இடது கை வாசிக்கும் பகுதிக்குள் போய் விழுகிறது. தாழ்ந்த சுரங்கள் நெருங்கி ஒலித்தால் காதுக்குக் கலங்கலாகத்தான் கேட்கும். நல்ல தழுவலில் இடது கையின் சுரங்களைக் குறைத்தோ மேலே ஏற்றியோ மெட்டுக்கு இடம் விட்டிருப்பார்கள். அச்சிட்ட தழுவலை வாங்கும்போது டியூபாவின் தாளை மட்டும் பார்த்துவிட்டு வாங்காமல் பியானோவின் தாளையும் புரட்டிப் பாருங்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய நமக்கு இதில் என்ன புதுமை இருக்கிறது?

கொள்கை அளவில் ஒன்றும் இல்லை. நம்முடைய வீணையும் வயலினும் நாதஸ்வரமும் வாசிப்பது பாடுவதற்காக இயற்றப்பட்ட கீர்த்தனைகளையே. அதை யாரும் கடன் என்று சொல்வதில்லை. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனிலும், யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினிலும் வாசித்தபோது முதலில் எழுந்த ஐயங்கள், அவர்களுடைய ராக ஆலாபனையைக் கேட்டதும் மறைந்தன. டியூபாவில் கமகம் வருமா என்று கேட்டால், வால்வுகள் சுரங்களைப் படிப்படியாகத்தான் மாற்றும். உதட்டை நெகிழ்த்தியும் வால்வைப் பாதி அழுத்தியும் ஓரளவு வளைக்கலாம், தோடியின் காந்தாரத்தை அசைக்கும் அளவுக்கு அது போதாது.

ஆனால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயரின் இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமில்லாமல் அவர் இயற்றியவை அவை. “சந்ததம் பாஹிமாம்” என்பது பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. பாண்டு வாத்தியத்திலிருந்து வந்த மெட்டுகளைப் பாண்டு வாத்தியத்துக்கே திருப்பித் தருவதில் தவறேதும் இல்லை. “சக்தி சஹித கணபதிம்” என்பதைச் சென்னை மாணவர் ஒருவர் டியூபாவில் முதல் உருப்படியாகப் பழகலாம். தற்செயலாக, தீட்சிதர் மறைந்ததும் பெர்லினில் டியூபா பதிவானதும் ஒரே ஆண்டில், 1835இல், நிகழ்ந்தவை.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாக், ரிம்ஸ்கி-கோர்சகோவ், 1922இல் மறைந்த மான்டி ஆகியோரின் மூல இசைக்குத் தடையில்லை. மற்றொருவர் செய்து அச்சிட்ட தழுவலுக்குத் தனி உரிமை உண்டு. அதை நகலெடுத்துப் பங்கிடக் கூடாது.

சென்னையின் வெப்பம் சுருதியைப் பாதிக்குமா?

பாதிக்கும், நன்றாகவே. காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும். ஊதுகருவியின் சுருதி அதனுடன் ஏறும். 20 டிகிரி செல்சியஸில் சுருதி சேர்த்த குழல் 32 டிகிரியில், கணக்குப்படி, ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு, உயர்ந்துவிடும். சிறிய கருவிகளை ஊதுபவரின் மூச்சே விரைவில் சூடாக்கிவிடுவதால் அவற்றில் அறையின் வெப்பம் அவ்வளவு தெரிவதில்லை. டியூபாவின் பெரிய குழலில் அது தெரியும். பியானோ இதனுடன் சேர்ந்து ஏறாது. எஃப் டியூபாவில் இந்த 2 சதவீதத்தை ஈடுகட்ட, சுருதிக் குழாயைச் சுமார் 3.7 சென்டிமீட்டர் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். குளிரூட்டிய அரங்கில் வாசிப்பவர்கள் மேடைக்குப் பின்னால் வெப்பமான தாழ்வாரத்தில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே வந்தால், முதல் உருப்படி முழுவதும் சுருதி இறங்கியே இருக்கும். கருவியை அரங்கத்துக்குள் முன்னதாகவே கொண்டுபோய் வைத்து, குழலுக்குள் சேரும் ஈரத்தை வெளியேற்றிவிட்டு, மேடையிலேயே பியானோவுடன் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.